பனையோலைப் பையும் பறிபோன மீசையும்

குமாரசிங்கம் மீசையை வழித்தார். பதினெட்டு வருட மீசை! கலியாணத்தன்றுகூட நாவிதனைக் கிட்ட அண்டவிடாத மீசை. என்ன செய்ய, தலைக்குமேல் ஆபத்து வந்துவிட்டதே!

பதுளை விலைக் கட்டுப்பாட்டுக் கந்தோரில் அவருக்கு இரகசிய உத்தியோகம். சாதாரண ஆள் மாதிரிக் கடைகளில் சாமான் வாங்கி, நிறை குறைப்பவனையும் விலை கூட்டுபவனையும் கையோடு பிடிக்கவேண்டும். மூன்று மாதமாக ஒரு பூச்சிகூட அகப்படவில்லை. "இந்தக் கிழமையும் ஒருத்தனும் பிடிபடாட்டி உமக்கு மடுல்சீமைக்கு மாற்றம்தான்" என்று கந்தோர்ப் பெரியவர் இளையதம்பி சொல்லிவிட்டார். ஐயோ, மடுல்சீமை! அந்த றோட்டில் பஸ் ஏறினால் முதுகெலும்பு தனித்தனியாகத்தான் போய் இறங்கும்.

"இஞ்சாரும், இண்டைக்கு ஒருத்தனைப் பிடிக்காமல் வரமாட்டன்!" சாரமும் கம்பளியுமாகத் தேயிலைத் தோட்டத்து ஆளாக நின்றார்.

மனைவி ஞானேஸ்வரி சிரிப்பை விழுங்கிக்கொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து தாய் இழைத்து அனுப்பிய பனையோலைப் பையை வழக்கம்போல நீட்டினாள். "பிடிச்சுப்போட்டு வரேக்கை ஒரு றாத்தல் பருப்பும் வாங்கியாங்கோ."

நமுனுகுலையில் ஸஹாப்தீனின் கடை. "ஒரு றாத்தல் பருப்பு குடுங்க" என்றார் தோட்டத்துப் பேச்சில். ஸஹாப்தீன் கல் பொறுக்கிய பருப்பாகப் பார்த்து நிறுத்தார். மேலே ஒரு பிடி வேறு போட்டார். விலையும் சட்டப்படி. குமாரசிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"நிறையில கொஞ்சமாவது குறைக்கக் கூடாதா, மொதலாளி?"

"ஒங்களுக்குக் குறைப்பனா, சேர்?"

"சேரா! யாரு சேரு?"

"மீசைய எடுத்தாச் சரியா? இந்தப் பனையோலைப் பை இந்தப் பக்கத்துல ஒங்கள்ட்ட மட்டுந்தானே ஈக்கு. அதக் கண்டா எல்லாக் கடையிலயும் தராசு நேரா நிண்டுடும் சேர்."

வீட்டுக்கு வந்து பையை விசிறி எறிந்தார். "இந்தப் பைதான் என்னைக் காட்டிக்குடுத்தது. தெரியுமோ?"

"தெரியும்."

"என்ன, தெரியுமோ!"

"பின்னை? மூண்டு மாசமாக் கல்லில்லாத பருப்பு எங்கையிருந்து வந்தது எண்டு நினைச்சியள்?"

"அடி பாவி! என்னை மடுல்சீமைக்கு மாத்தப்போறாங்களடி!"

"மாத்தமாட்டினம். இளையதம்பியற்றை மனுசி கமலாம்பிகை அக்கா போன கிழமை வந்து எங்கட பருப்பைக் கண்டு வாயைப் பிளந்தா. சங்கதியைச் சொல்லி, அம்மா அனுப்பினதிலை அவவுக்கும் ஒரு புதுப் பை குடுத்துவிட்டன்."

குமாரசிங்கம் இதை நம்பவில்லை. மறுநாள் கந்தோருக்குப் போனார். இளையதம்பி மாற்றக் கடிதத்தை எடுத்தார். நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. பெண்சாதியைத் திட்டிய வாயால் அவளை மனதுக்குள் கும்பிட்டார்.

"ஐஸே, நாளைக்கு எந்தப் பக்கம்?"

"வெலிமடை, சேர்."

இளையதம்பி மேசைக்கடியில் குனிந்து ஒரு புதுப் பனையோலைப் பையை எடுத்து நீட்டினார்.

"இதையும் கொண்டுபோம், எங்கட வீட்டுக்கும் ஒரு றாத்தல் பருப்பு. மீசையையும் கெதியா வளர்த்துப்போடும், கடைக்காரருக்கு உம்மைத் தெரியாமல் போயிடப்போகுது."