ரெண்டு ரிங் ஆபரா

உலகத்தில் கவலைக்குப் பஞ்சம் வந்தால் கப்பல் ஏற்றி அனுப்பும் அளவுக்கு ஹூஸ்டனில் ஒருவரிடம் ஸ்டாக் இருந்தது. எண்ணெய்க் கம்பெனியில் பைப்லைன் இன்ஜினியர். பெற்றவர்கள் ஆசையாக ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் டென்ஷன் சார்.

பொட்டு மேகம் இல்லாத டெக்சஸ் ஆகஸ்டில் குடையோடு வருவார். நம்மூர்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஹில்கிராஃப்டில் தோசை சாப்பிடப் போனால் வாசலை ஒட்டிய மேஜைதான் வேண்டும். தீப்பிடித்தால் ஓட வேண்டாமா? யார் வீட்டு விருந்திலிருந்து யார் கிளம்பினாலும் செருப்பு மாட்டும் இடத்தில் மறித்துக்கொள்வார்.

"போய்ச் சேந்ததும் ரெண்டு ரிங் குடுத்துட்டு கட் பண்ணிடுங்க."

ரெண்டு ரிங் என்றால் பத்திரம். அவர் எடுக்க மாட்டார், நமக்கும் காசு ஆகாது. மூன்றாவது ரிங் அடித்தால் ஆபத்து, பாய்ந்து எடுப்பார். ஞாயிறு சாயங்காலங்களில் அந்த வீட்டு போன் கோயில் மணி மாதிரி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருக்கும். ஊரே ரிங் கொடுத்தது. கொடுக்காத ஒரே ஜீவன் அவர் மகன் அருண். ஆஸ்டினில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். கேட்டால், "அப்பா, ஐம் நைன்டீன்" என்பான். அத்தோடு சரி.

இப்படிப்பட்டவர் ஆபரா எழுதக் காரணம், டயர். சனிக்கிழமை தவறாமல் ராமிரோ என்ற மெக்ஸிகோக்காரரின் டயர் கடைக்குப் போய் காற்று செக் பண்ணுவார். அங்கே சுவரில் ஒரு காலண்டர். நம் சிவகாசி காலண்டருக்குக் கொஞ்சமும் குறையாத பளபளப்பு. தலையில் இறகு வைத்த ஒரு வீரன், அவன் கையில் கண்மூடிய ஒரு பெண், பின்னால் இரண்டு பனிமலைகள்.

"இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு, ஆக்ஸிடென்டா?" என்று கேட்டிருக்கிறார் சார். ராமிரோ கதையைச் சொன்னார். பேரரசுக்குக் கப்பம் கட்ட மறுத்த ஒரு நாடு. போருக்குப் போன வீரன் செத்துவிட்டான் என்று ஒருவன் பொய்ச்சேதி கொண்டுவர, காதலித்த இளவரசி துக்கத்தில் உயிரை விட்டாள். ஜெயித்துத் திரும்பிய வீரன் அவளை மலையுச்சியில் கிடத்தி, தீப்பந்தத்தோடு காவல் உட்கார்ந்தான். இருவரும் மலையாகிப் போனார்கள். அவன் எரிமலை, இன்றும் புகைகிறான்.

அங்கிருந்து சார் நேராக என் வீட்டுக்கு வந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"பாத்தீங்களா? ஜெயிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா அந்தப் பொண்ணு பொழச்சிருக்கும். இப்ப ரெண்டு பேரும் மலை."

"சார், அப்ப போன் கிடையாது."

"ஆள் கிடையாதா? புறா கிடையாதா?"

அவருடைய வாழ்க்கைத் தத்துவத்துக்கு இரண்டு மலைகள் சாட்சி கிடைத்துவிட்டன. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இதை மேடையேற்றுவது, அருணே வீரன் என்று அங்கேயே முடிவானது. "அப்பவாவது அவனுக்குப் புரியுதா பாப்போம்."

"நாட்டிய நாடகம்தானே?" என்றது கமிட்டி.

"இல்ல, ஆபரா. யாரும் பேச மாட்டாங்க. சண்டைகூட பாட்டுதான். ஆடறது பாலே."

பாலே என்பதை எங்களில் யாரும் பார்த்ததில்லை. அவரே டிவியில் பாதிதான் பார்த்திருந்தார், நடுவில் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க எழுந்து போய்விட்டார். ஹார்மோனியத்தில் மெட்டும் அவரே போட்டார். எல்லாம் முகாரி. காதல் முகாரி, போர் முகாரி, விதூஷகனுக்கும் முகாரி. 'பொங்கலும் அதுவுமா மேடையில சாவா' என்று தலைவர் பிடித்துக்கொண்டார். 'சாகல சார், மலையாகறா' என்று சமாதானம் பண்ணினோம்.

பள்ளிக்கூடத்தில் மெக்ஸிகோ கிராமிய நடனம் ஆடும் ராமிரோவின் மகள் எலேனா இளவரசி. பொய்ச்சேதி கொண்டுவரும் தூதன், அடியேன். எனக்கு ஒரே வரி. 'வீரன் வரமாட்டான், வழியிலே மாண்டான்.' ஒத்திகையில் நான் அதைப் பாடும்போதெல்லாம் சாருக்கு ஹார்மோனியத்தில் கட்டை தப்பும்.

"கொஞ்சம் மெதுவா பாடுங்க. யாருக்கும் கேக்க வேண்டாம்" என்பார்.

விழாவன்று காலையிலிருந்தே பேய்மழை. அருண் ஆஸ்டினிலிருந்து மத்தியானத்துக்குள் வந்திருக்க வேண்டும். மூன்று மணிக்குத் திரை. மூன்றாகியும் ஆளைக் காணோம். செல்போன் எல்லாம் அப்போது பெரிய டாக்டர்கள் கையில்தான். விழா நடந்த ஸ்கூல் வாசலில் இருந்த, காசு போட்டுப் பேசும் பே போனுக்கும் மேடைக்கும் நடந்து நடந்து சாரின் வேட்டி முழங்கால்வரை நனைந்துவிட்டது. அருண் ரூமில் ஆன்ஸரிங் மெஷின்தான் பேசியது. எங்களுக்கு அடுத்து குழந்தைகளின் மாறுவேடப் போட்டி, தள்ளிப்போட வழியில்லை. சார் மேடைக்குக் கீழே ஹார்மோனியத்தின் முன் உட்கார்ந்தார்.

முதல் காட்சியில் வீரன் போருக்குப் புறப்பட வேண்டும். வீரனே இல்லாததால், அவன் நேற்றே போய்விட்டான் என்று பாடிச் சமாளித்தோம். அடுத்தது நான்.

மேடைக்கு வந்தேன். சார் கட்டையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. கூரைமேல் மழை அறைந்தது. 'வீரன்' என்று எடுத்தேன். பிள்ளை எங்கே கிடக்கிறானோ என்று தவிக்கிற மனுஷன் முகத்தைப் பார்த்து மிச்சத்தை எந்த வாயால் பாடுவது?

"வீரன் வருவான், வழியிலே வருவான்" என்று பாடிவிட்டேன்.

எலேனாவுக்குத் தமிழ் தெரியாது. நான் பாடி நிறுத்தியதும் சாக வேண்டும் என்பதுதான் அவளுக்குச் சொல்லித் தந்த பாடம். காதலன் வருகிறான் என்ற நல்ல சேதியைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தாள். முன்வரிசையில் ராமிரோ குடும்பம் அழுதது. பின்வரிசையில் ஒரு மாமி, "வரேன்னுதானே சொல்றான், இவ ஏன் சாகறா?" என்று கேட்டது மேடைவரை கேட்டது.

சாருக்கு எதுவும் காதில் விழவில்லை. என் வரியைப் பிடித்துக்கொண்டு 'வருவான், வருவான்' என்று அவரே பாட ஆரம்பித்தார்.  பஜனை என்று நினைத்தோ என்னவோ, சபையும் கைதட்டிப் பின்பாட்டுப் பாடியது. எவ்வளவு நேரம் பாடினோமோ தெரியாது. 

பின்கதவு திறந்தது. சொட்டச் சொட்ட ஜீன்ஸோடு அருண் ஓடிவந்து மேடையேறினான். ஹார்மோனியம் நின்றது. மைக்கில் சார் குரல் கேட்டது.

"வைப்பர் வேலை செஞ்சுதா?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. "அப்பா, ஐ கேவ் தி டூ ரிங்ஸ்."

மழையில் ரோடே தெரியவில்லையாம். அப்பா பயப்படுவாரே என்று வழியில் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தி, பே போனுக்கு நின்ற க்யூவில் நனைந்துகொண்டே நின்று, வீட்டுக்கு ரெண்டு ரிங் கொடுத்திருக்கிறான். லேட்டானதே அதனால்தான். நாங்களெல்லாம் மேடையில் கத்திக்கொண்டிருக்க, பூட்டிய வீட்டில் போன் அடித்து ஓய்ந்திருக்கிறது.

சார் எழுந்தார். பையிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு மேடையேறினார். சபை முன்னால் மகன் தலையைத் துவட்டினார். பத்தொன்பது வயசுப் பிள்ளை குனிந்து காட்டினான். செத்த இளவரசி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். திரையை இழுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"எங்க கதையில டவல் கிடையாது. இருந்திருக்கணும்" என்றார் ராமிரோ என்னிடம், மூக்கைச் சிந்திக்கொண்டே.

அப்புறம் அருணுக்கு மேற்குக் கரையில் பே ஏரியாவில் வேலை கிடைத்து, சாரும் அங்கே பிளசன்டன் என்ற ஊருக்குப் போய்விட்டார். போன மாதம் நான் சென்னைக்கு வந்து இறங்கியதும் பழக்கதோஷத்தில் அவர் நம்பரைப் போட்டேன். ரெண்டு ரிங் போனது. கட் பண்ண மனசு வரவில்லை. மூன்றாவது ரிங்கில் பதறிக்கொண்டு எடுத்தார்.

"என்ன ஆச்சு? ஏதாவது பிரச்னையா?"

"ஒண்ணுமில்ல சார். பத்திரமா வந்துட்டேன்னு உங்ககிட்டயே சொல்லணும்போல இருந்துது."