ஆடாமல் அசையாமல்

இந்த வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டுக்கு உடம்போடு போவதில்லை என்று ஜிலாலி முடிவு செய்தான். முகம் மட்டும் போகும்.

அவன் தொழிலே அதுதான். காசாபிளாங்காவின் பெரிய கம்பெனிகளுக்குப் பாதி மண்டபத்திலும் பாதி திரையிலுமாகக் கூட்டம் நடத்திக் கொடுப்பவன். "இனிமே எல்லாமே கலப்புக் கூட்டந்தான்" என்று ஊரெல்லாம் சொல்பவனுக்கு வீட்டில் சொல்ல மட்டும் தைரியம் வந்ததில்லை.

இன்று வந்தது. காரணம், கடா. மாமியார் குடும்பம் கூட்டாக வாங்கிய செம்மறிக்கடா தியாகப் பெருநாள்வரை யார் வீட்டு பால்கனியில் நிற்பது என்று இன்றைய குஸ்குஸ் சாப்பாட்டில் முடிவாகும். ஜிலாலியின் பால்கனியில் ஒரு நாற்காலி, சில ஜெரேனியப் பூத்தொட்டிகள், கூண்டில் ஒரு கேனரிக் குருவி. கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஆட்சியில் மிஞ்சிய நாடு அவ்வளவுதான்.

"என்னது, போன்லயே வர்றீங்களா?" என்றாள் மனைவி பத்தூல்.

"உலகமே அப்படித்தான் போகுது."

"உலகம் போகட்டும். குஸ்குஸ்?"

"தியாகந்தான்."

"பெருநாளுக்கு முன்னாடியேவா?" என்றவள் சண்டை போடாமல் கிளம்பினாள். அங்கேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

மத்தியானம் பால்கனி நாற்காலியிலிருந்து கூட்டத்தில் சேர்ந்தான். மாமியார் வீட்டில் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். மச்சான் ஹம்மாதி வாய் நிறைய குஸ்குஸோடு தொடங்கினான்.

"போன வருஷத்துக் கடா என் சோபாவையே தின்னுச்சு. இந்த வருஷம் உங்க வீடு. என்ன மச்சான்?"

இதற்குத்தான் ஜிலாலி காத்திருந்தான். வாய் பாதி திறந்தபடி, கை பாதி தூக்கியபடி உறைந்தான். இமைக்கவில்லை. பெரிய முதலாளிகளிடம் பார்த்துக் கற்ற வித்தை.

"ஐயோ, மாப்பிள்ளை சிலையாயிட்டாரே!" என்றார் மாமியார்.

"நெட் நின்னுபோச்சும்மா," என்றாள் பத்தூல். "ஏங்க, கடா நம்ம வீட்டுக்கு வேண்டாம்னா கையை அசைங்க."

அசைத்தால் குட்டு உடையும். அசைக்காவிட்டால் கடா. மூக்கின்மேல் ஓர் ஈ வேறு வந்து உட்கார்ந்தது.

"அசையல. சம்மதம்!" என்றான் ஹம்மாதி.

"இன்னொண்ணு," என்றாள் பத்தூல். "கடாவைப் பாத்துக்க அம்மாவும் பெருநாள்வரைக்கும் நம்ம வீட்டுல இருக்கட்டும். ஆட்சேபணை உண்டாங்க?"

ஜிலாலியின் மூக்கு மட்டும் துடித்தது.

"ஏகமனதா முடிஞ்சுது!" என்றான் ஹம்மாதி.

சாயங்காலம் லிஃப்டிலிருந்து கடா இறங்கியது. பின்னால் பெட்டியோடு மாமியார். அவருக்கும் பின்னால், அவனுக்காக மூடிவைத்த குஸ்குஸ் தட்டோடு பத்தூல்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல பத்தூல். நெட்டு..."

"தெரியுங்க. உங்க பின்னாடி கேனரி மட்டும் குதிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதுக்குத் தனி நெட்டோ?" தட்டைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். இறைச்சியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தாள். "சூடா இருக்கு, சாப்பிடுங்க. நீங்க ஆடாம அசையாம உக்காந்திருந்தீங்கல்ல, அதான் ஆடு வந்திருக்கு."

பால்கனியில் முதல் ஜெரேனியம் மெல்லப்படும் சத்தம் கேட்டது. ஜிலாலி வாய் பாதி திறந்தபடி நின்றான். நெட் நன்றாகத்தான் இருந்தது.