தோட்டாக் கூடுகளைக் குளிப்பாட்டியவர்

சுத்தம் என்றால் என்னவென்று தெரிந்த மனிதர் மலேசியாவில் ஜொகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் அவரை எல்லோரும் ‘பளிச்சு அண்ணன்’ என்போம். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

ஸ்கூடாய்க்கு வெளியே இருக்கும் அந்தக் கிளப்பில் அவருக்கு ஒரே வேலை. நாங்கள் சுட்டு முடித்ததும் தரையில் உருளும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, மறுபடி வெடிமருந்து நிரப்பத் தோதாகச் சுத்தம் செய்வது. சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, சோளத்தக்கைத் தூளோடு குலுக்குகிற மெஷினில் போடுவார். வெளியே வரும்போது நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைக்கலாம் போலிருக்கும். பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து விரிசல் தேடுவார். இருந்தால் முகம் வாடிவிடும். “பாவம், நல்லா உழைச்சிருக்கு” என்று தனி டப்பாவில் போடுவார்.

கூடுகளை முறத்தில் பரப்பி வராந்தாவில்தான் காயவைப்பார். ஒருநாள் குரங்கொன்று கைநிறைய அள்ளிக்கொண்டு மரமேறிவிட்டது. பளிச்சு அண்ணன் வாழைப்பழத்தோடு கீழே நின்று, திருப்பிக் கொடுக்கச் சொல்லி மலாயில் கெஞ்சினார்.

“ஏண்ணே, மலாய்ல பேசுறீங்க?”

“கம்பத்துல, மலாய்க்காரங்க ஊர்ல வளந்த குரங்கு தம்பி. தமிழ் எங்க வெளங்கப் போவுது?”

குரங்குக்கு மலாயும் விளங்கவில்லை. அத்தனையையும் அவர் தலையிலேயே கொட்டியது. “பாத்தீங்களா, ஒன்னுகூட வச்சுக்கல, நாணயமான குரங்கு” என்று பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்னாசிப் புளிப்பில் பித்தளை பளபளக்கும் என்று யாரோ சொன்னதை நம்பியது இன்னொரு கதை. பெக்கான் நானாஸிலிருந்து மைத்துனர் அனுப்பிய அன்னாசியைப் பிழிந்து கூடுகளை அதில் ஊறப்போட்டு மறந்துவிட்டார். எடுத்தபோது எல்லாம் ரோஸ் கலர். புளிப்பு தின்ற பித்தளைக்கு வலுவிருக்காது என்று கிளப் தலைவர் அத்தனையையும் ஒதுக்கச் சொன்னார். பளிச்சு அண்ணன் அசரவில்லை. “வலு இல்லாட்டி என்னா, கலரு நல்லாத்தான இருக்கு” என்றார். ஒரு வாரம் கிளப் முழுக்க எறும்பு.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்வோம். அவருடைய குழிப் பலகையைத்தான் பொறுக்க முடியாது. ஒருவர் சுட்டு முடித்ததும், கழுவுவதற்கு முன் அவருடைய கூடுகளை, சுட்ட தோட்டாவுக்கு ஒரு குழி வீதம், அந்தப் பலகையில் நிறுத்துவார். ஒரு குழி காலியாக இருந்தாலும் ஆள் வீட்டுக்குப் போக முடியாது. தெறித்த கூடு எங்காவது விழுந்திருக்குமென்று சட்டைக் காலர், கால் சப்பாத்து, பை எல்லாவற்றையும் உதறிக் காட்ட வேண்டும்.

அன்று எனக்கு அவசரம். எல்லை தாண்டி சிங்கப்பூரில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முன் கொஞ்சம் சுட்டுவிட்டுப் போகலாமென்று மனைவியைக் காரில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். காரில் வாடிவிடும் என்று மல்லிகைப்பூப் பொட்டலத்தை என் துணிப்பையில் வைத்திருந்தாள். பை எனக்கு வலப்பக்கம், கூடுகள் தெறித்து விழும் பக்கம், வாய் திறந்து கிடந்தது. சுட்டு முடித்ததும் அவர் கண்ணில் படாமல் நழுவி வந்துவிட்டேன்.

ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் வழக்கமான ஜாம். மழை வேறு. கார் நகராமல் நிற்கும்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். நனைந்த கோழி மாதிரி, மோட்டார் சைக்கிளில் பளிச்சு அண்ணன்.

“தம்பி, ஒரு குழி காலியா இருக்கு. அந்தப் பெட்ரோல் ஸ்டேஷன்ல நிப்பாட்டுங்க.”

“அண்ணே, நேரமாச்சு. நாளைக்கு வந்து காட்டுறேன்.”

“எங்க போறீங்க?”

“சிங்கப்பூருக்கு.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “கதவத் தொறங்க தம்பி.” அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

பெட்ரோல் ஸ்டேஷனில் என் காலர், மடித்த சட்டைக்கை, சப்பாத்து, துணிப்பை, காரின் பாய் எல்லாவற்றையும் உதறினோம். ஒன்றுமில்லை. என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவர் தயங்கித் தயங்கி, “தங்கச்சி, கோச்சுக்காதீங்க, அந்தப் பூவக் கொஞ்சம்...” என்றார்.

பொட்டலத்தைப் பிரித்தோம். மல்லிகைக்கு நடுவில் மஞ்சளாக ஒரு கூடு படுத்திருந்தது.

வெறும் கூடுதான். ஆனால் வெறும் கூட்டுக்கே ஆளைப் பிடித்து வைக்கும் சிங்கப்பூர் சோதனைச் சாவடியில் அது பூவுக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தால், நிச்சயதார்த்தத்துக்கா போயிருப்பேன்? மனைவியும் பக்கத்தில். என் வேலையும் சிங்கப்பூரில்தான், அதுவும் போயிருக்கும்.

பளிச்சு அண்ணன் கூட்டை முகர்ந்து பார்த்தார். “இப்ப சுட்டதுதான்” என்று தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு என் மனைவியிடம், “பூவுக்கு ஒன்னும் ஆவல தங்கச்சி. பயப்படாம போய்ட்டு வாங்க” என்றார்.

அவள் காரிலிருந்து இறங்கிப்போய், நிச்சயத்துக்கென்று எடுத்து வைத்திருந்த புதுத் துண்டை அவர் கையில் கொடுத்தாள். “தலையத் தொவட்டுங்கண்ணே, மொதல்ல.”

அவர் இப்போதும் கிளப்பில்தான் இருக்கிறார். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முதல் டின் முறுக்கு சாமிக்கு, அடுத்தது பளிச்சு அண்ணனுக்கு. உடைந்தது ஏதாவது மிஞ்சினால் எனக்கு. அவருக்குப் போகும் டின்னில் ஒன்றுகூட உடையாமல் பார்த்து அடுக்குவது நான்தான்.