பல் போன பூதம்

பூதத்தின் பல்லை வெட்டி எறிந்த பிறகும் குழந்தைகள் வீல் என்று அலறினார்கள். தணிக்கை அதிகாரி அசரவில்லை. இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் தீர்ப்பு ஒருமுறைகூடப் பிசகியதில்லை. பிசகியிருந்தாலும் அதை அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

"இப்ப என்னம்மா சொல்றீங்க?" என்றார் இயக்குநரிடம்.

"சார், இது கேலிப் படம். ஒரு ஆபீஸ்ல வர்ற மனுவை எல்லாம் தின்னு தின்னு ஊதிப்போற பூதம். பார்த்தா சிரிப்புதானே சார் வரணும்?"

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். ஐந்து வருட உழைப்பு. நாளை பள்ளி விடுமுறை தொடங்குகிறது, படமும் வெளியாகிறது. இன்று ஐந்து மணிக்குள் 'எல்லோரும் பார்க்கலாம்' என்ற சான்றிதழ் கிடைக்காவிட்டால், குழந்தைகளுக்காக எடுத்த படத்தைக் குழந்தைகள் பார்க்க முடியாது.

அதிகாரியின் வழி தனி வழி. அவர் படத்தையே பார்ப்பதில்லை. "படத்தைப் பார்த்தா என்ன தெரியும்? பார்க்கிறவங்க மூஞ்சியைப் பாருங்க!" என்பார். ஒன்பது குழந்தைகளை முன்வரிசையில் உட்காரவைத்து, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே நாற்காலி போட்டுக்கொள்வார். இருட்டில் குறிப்பெழுத ஒரு சின்ன டார்ச்.

"கண்ணை உருட்டுற இடத்தையும் எடுத்துடுங்க."

எடுத்தார்கள். இந்த முறை இன்னும் சரியாகக் கவனிக்க வேண்டுமென்று அதிகாரி நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வாண்டு இருக்கைக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

"பார்த்தீங்களா? கண்ணு போயும் பயம் போகலை. வாலை எடுங்க!"

வாலும் போயிற்று. அதிகாரி இன்னும் நெருங்கினார். எழுத இரண்டு கையும் தேவைப்பட்டதால் டார்ச்சைச் சட்டைப் பையில் நிமிர்த்திச் செருகிக்கொண்டார். நோட்டை மூக்குக்கு நேரே பிடித்து, புருவத்தை நெரித்து, ஒவ்வொரு குழந்தையாக உற்றுப் பார்த்தார். எழுந்த கூக்குரலில் கூரையே பிய்த்துக்கொண்டு போகும்போல் இருந்தது. படம் ஓட்டுபவர் என்னமோ ஏதோ என்று பதறி ஓடி வந்து விளக்கைப் போட்டார்.

"சார், இப்ப படத்துல பூதமே இல்லை. வெறும் ஆபீஸ்தான் மிச்சம்" என்றாள் இயக்குநர்.

"அப்ப ஆபீஸையும் எடுத்துடுங்க."

"அப்புறம் பேர் போடறது மட்டும்தான் சார் ஓடும்!"

"என்கிட்ட ஏம்மா சண்டைக்கு வர்றீங்க? குழந்தைங்க பொய் சொல்லாது." அவர் முன்வரிசைப் பக்கம் திரும்பினார். "பயமா இருந்துச்சா கண்ணுங்களா?"

ஒன்பது தலைகளும் ஒன்றுபோல் ஆடின.

அதற்கு மேல் சாட்சி எதற்கு? அதிகாரி பேனாவைத் திறந்து, 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று அழுத்தமாக எழுத ஆரம்பித்தார். இயக்குநர் இடிந்துபோய் உட்கார்ந்தாள். இவ்வளவு கொடூரமாகவா எடுத்துத் தொலைத்தோம் என்று அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஓரத்து இருக்கையிலிருந்து ஒரு சிறுமி இறங்கி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, பூதம் ரொம்ப நல்ல பூதம்க்கா. மூஞ்சில லைட் அடிச்சுக்கிட்டு எங்களையே முறைச்சுப் பார்க்கிறாரே இந்த மாமா, இவரை வெளிய உட்கார வச்சுட்டு முழுப் படத்தையும் போடுங்க!"