மாமனாருக்குக் கொடுத்த பீரங்கி மரியாதை

குமாஸ்தாவின் கையில் சுத்தியல் கிடைத்துவிட்டால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் நிம்மதி இருக்காது. நாள் முழுக்கக் காகிதத்தைக் கட்டி முடிச்சுப் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளுகிறவனுக்கு, ஒரு பொருளையாவது உருப்படியாகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்ற வெறி திடீரென்று வரும். எனக்கு அது இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய ஒரு டிசம்பரில், மர்பி டவுன் வீட்டின் பின்கட்டில் வந்தது. நான் செய்ய எடுத்துக்கொண்டது ஒயின் பாட்டில் வைக்கிற அலமாரி.

ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் சபையில் நற்கருணை அன்று உதட்டில் படுகிற ஒரு சொட்டுதான். (அப்பா பக்கத்தில் நின்றால் அரைச் சொட்டு. அவர் மதுவிலக்குச் சங்கத்தில் பாட்டுப் பாடுகிறவர்.) நாங்கள் புராட்டஸ்டண்ட். என் மனைவி ரெஜினா கத்தோலிக்கப் பெண். அவள் அப்பா ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் பட்லராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் மாதா கோயிலில் நடக்காமல் எங்கள் சபையில் நடந்ததால் அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் எங்கள் வாசல்படியை மிதிக்கவில்லை. அதே ஊரில், ஆஸ்டின் டவுனில் தனியாக இருந்தார். ரெஜினாவின் அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்.

அந்த அம்மாள் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுவாராம். அவர் போன பிறகு என் மாமனார் ஒயினைத் தொட்டதே இல்லையாம். அந்த வருஷம் ரெஜினா துணிந்து கருப்புத் திராட்சை வாங்கி, அம்மா செய்தபடியே பீங்கான் ஜாடியில் போட்டாள். தெரிந்த பெண்மணி ஒருத்தி மூலம் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாள். "பூசை முடிஞ்சு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போறேன்" என்று பதில் வந்தது. ரெஜினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படியில் அழுதாள். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். வருகிறவர் மெஸ் பட்லர். அவர் மகளின் ஒயின் சமையலறை மூலையில் எண்ணெய்ப் பாட்டிலோடு நிற்கக் கூடாது.

ஆபீஸ் கிடங்கில் கழித்துக் கட்டிய சாமான் பெட்டிகளின் பலகையைக் கேட்டு வாங்கினேன். எதிர்வீட்டுக்காரரிடம் ரம்பமும் இழைப்புளியும் இரவல். மூன்று விரலில் துணி சுற்றிய பிறகு (நாலாவது விரல் எதிர்வீட்டுக்காரருடையது, பலகையைப் பிடிக்க வந்தார் பாவம்) அலமாரி ஒரு வழியாக உருவானது. பாட்டில்கள் படுத்துக்கொள்ள வரிசை வரிசையாகப் பொந்துகள். பெட்டியில் இங்கிலீஷில் அச்சடித்திருந்த 'இந்தப் பக்கம் மேலே' என்ற கறுப்பு எழுத்துகள் மட்டும் எப்படி இழைத்தும் போகவில்லை. அவை பக்கவாட்டில் தலை சாய்ந்து நின்றன.

"பாட்டில நிக்க வெச்சா போதாதாங்க? அம்மா நிக்கத்தான் வெப்பாங்க" என்றாள் ரெஜினா.

"உங்க நைனா மெஸ்ஸுல படுக்கத்தான் வெப்பாங்கன்னு நீதானே சொன்னே?"

"அது சீமை ஒயினுங்க. இது இன்னும் பொங்கி அடங்கல. மூடிய இறுக்காம சும்மனே வெக்கணும். மூச்சு விடணும் அது."

மூச்சு விடுவதற்கு ஒயின் என்ன குழந்தையா என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஜாடியிலிருந்து வடித்து, தக்கை மூடியை லேசாகச் செருகியிருந்த பாட்டில்களைப் படுக்க வைத்ததும், எதிர்பார்க்கக்கூடிய விதமாக (நான்தான் எதிர்பார்க்கவில்லை) எல்லாம் சொட்டின. அவள் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஒவ்வொரு தக்கையையும் கொட்டாப்புளியால் அடித்து உள்ளே இறக்கி, மேலே அரக்கும் வைத்தேன். ஆபீஸில் நான் திறமையாகச் செய்கிற ஒரே வேலை அரக்கு வைப்பது.

"சொட்டல் நின்னுடுச்சே!" என்றாள் திரும்பி வந்ததும்.

"வேலைப்பாடு அப்படி. அரக்கு சும்மா அழகுக்கு" என்றேன்.

டிசம்பர் குளிரில் ஒயின் பேசாமல் தூங்கியது. ஆனால் அலமாரியை நான் மாட்டிய கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலையிலிருந்து கல்கல் பலகாரம் பொரித்து, பிரியாணிக்குத் தம் போட்டதில் சுவர் தோசைக்கல்லாகக் காய்ந்துவிட்டது. அது எனக்குத் தெரியாது. நான் நாற்காலியை அலமாரிக்கு நேரெதிரே போட்டு, துடைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளை ட்ரில் கோட்டு, பித்தளைப் பொத்தான். ரெஜினா காலில் விழுந்து எழுந்தாள். அவர் அவள் நெற்றியில் சிலுவை போட்டார். என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து அலமாரியைப் பார்த்தார். பாட்டில் கழுத்துகள் எல்லாம் அவரையே குறி பார்த்துக்கொண்டிருந்தன.

"யாரு செஞ்சது?"

"நான்தான் மாமா."

"ம்" என்றார்.

அந்த 'ம்' முடிவதற்குள் முதல் தக்கை கிளம்பியது. அவர் காதை உரசிக்கொண்டு போய் வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்தைக் கிழித்தது. இரண்டாவது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. பிறகு வரிசையாக வெடித்தது. பாட்டில் வாயை அடைக்க ஓடினேன். கை இரண்டுதான் இருந்தது. முதுகைக் கொடுத்துப் பார்த்தேன். முதுகு வாங்கிக்கொண்டது. (இடுப்புக்குக் கீழேயும் ஒன்று.) ரெஜினா "ஐயோ மாதாவே!" என்று அலறினாள். மாமனார் மட்டும் அசையவில்லை. கர்னல்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்றே வயதானவர். தலையிலிருந்து மடி வரை சிவப்பு வழிய அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சத்தம் நின்றது. சொட்டுகிற ஒலி மட்டும் கேட்டது. ரெஜினாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை நாள் காத்திருந்து வரவழைத்த அப்பாவை நான் அரை நிமிஷத்தில் துரத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். 

மாமனார் மெதுவாகக் கோட்டுக் கையை உயர்த்தி, முகத்தைத் துடைக்கப் போனவர், நிறுத்தி, கையை நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தரம் வைத்தார்.

"கமலாப்பழத் தோலு போட்டியா கண்ணு?"

"ஆமா நைனா. அம்மா போடுவாங்களே."

"அவ கையிதான்" என்றார். "அப்படியே அவ கையி." அந்தக் கோட்டுக் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே."

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தொர வந்தாக்கூட எங்க மெஸ்ஸுல இத்தினி குண்டு போட்டு மரியாதை குடுத்தது இல்ல. எந்த பாட்டில்லயாவது மிச்சம் கீதா பாருங்க. ஒரு கிளாஸ் ஊத்துங்க."

அஞ்சு நிமிஷத்துக்கு வந்தவர் விளக்கு வைத்த பிறகுதான் கிளம்பினார். அந்த வாரமே மறுபடி வந்தார். அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் வாசலில் நின்று, "பீரங்கியெல்லாம் கட்டி வெச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். கறைபட்ட கோட்டை வண்ணானுக்குப் போடவே விடவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதையே மாட்டிக்கொண்டு பூசைக்குப் போவார். கேட்டவர்களிடம், "எம் மாப்ள சுட்டது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். அலமாரி இன்னும் கூடத்தில் இருக்கிறது, அடுப்பில்லாத சுவரில். பாட்டில்கள் சமையலறையில் நிற்கின்றன. நான் சுத்தியலைத் தொட்டால் என் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

மாமனார் கடைசியாகப் படுக்கையில் விழுந்தது எங்கள் வீட்டில்தான். ஒருநாள் ரெஜினாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "பொட்டிய மட்டும் மாப்ளய செய்யச் சொல்லாதே கண்ணு. தீர்ப்பு நாளு வரைக்கும் மூடி நிக்காது."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெளியே போய் அழுதேன்.

சவப்பெட்டி கடையில் செய்ததுதான். அவருக்கு அந்தக் கறைபட்ட கோட்டைத்தான் போட்டுவிட்டோம். மூடியை வைக்கிற நேரம் நான் கிட்டே போனேன். அழுது அழுது தொண்டை கட்டியிருந்த ரெஜினா என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்:

"எட்டி நில்லுங்க."