போனட் சத்தம் கேட்டு வருபவர்

வீட்டு வாசலில் காரை நிறுத்தி போனட்டைத் திறந்து பாருங்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா திறந்தால் போதும். ஐந்து நிமிடத்துக்குள் அரைக்கால் சட்டையும் ஜப்பான் சிலிப்பருமாக ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து நின்று, என்ஜினை மேலும் கீழும் பார்த்து, “ம்ம்” என்பார். அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் வராமல் இருந்ததும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஒருவர் இருக்கிறார், பந்திங்கில் இரண்டு பேர். கிள்ளானில் எங்கள் வீட்டு வரிசைக்கு வாய்த்தவர் பெயர் வேலாயுதம்.

வேலாயுதம் கப்பல் கம்பெனியில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தக் காருக்கு டர்போ கிடையாது. அதில் ஒரு திருகாணி ஆடினாலும் வொர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டுப் பேப்பர் படிப்பார். அவருடைய திறமை முழுவதும் மற்றவர்களின் கார்களுக்கானது.

அவருக்குப் பக்கத்து வீட்டில் தாமரை இருக்கிறாள். கல்யாணப் பெண்களுக்கு ஒப்பனை செய்வது அவள் தொழில், பன்னிரண்டு வருடப் பெயர். அவளுடைய டர்போ கார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தொட்டுவிட்டதால், ஸ்பார்க் பிளக் மாற்ற பெட்டாலிங் ஜெயாவில் வொர்க்‌ஷாப் வைத்துக் கார் பழுது பார்க்கும் கிரிதரன் என்ற போர்மேனிடம் திங்கட்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை அவள் போனட்டைத் திறந்தது கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றத்தான். திறந்தது தப்பு. வந்து நின்றவரிடம் திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னது அதைவிடத் தப்பு.

“நாலே நாலு பிளக்கும்மா. அதுக்கு எதுக்கு லா போர்மேன்? நான் போட்டுத் தரேன்” என்றார் வேலாயுதம்.

வேண்டாம் என்று அவள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவள் ஊரில் இல்லாத நாட்களில் பூனைக்குச் சோறு வைக்கும் மனிதரிடம் நான்காவது விதமாக எப்படிச் சொல்வது?

பாகங்கள் விற்கும் கடையில் வேலாயுதம் ஒரு மணி நேரம் பேசினார். காரோடு வந்த புத்தகத்தில் பிளக் முனையின் இடைவெளி இவ்வளவுதான் என்று போட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டினார். புத்தகம் எழுதுகிறவன் கார் ஓட்டுகிறானா என்று வேலாயுதம் கேட்டார். இடைவெளி பெரிதானால் பொறி பெரிது, பொறி பெரிதானால் இழுவை பெரிது என்பது அவருடைய கணக்கு. கேட்க நியாயமாக இல்லை? அதுதான் ஆபத்து. வீட்டுக்கு வந்து ஸ்குரூடிரைவரால் நான்கு பிளக்கையும் நெம்பி, இடைவெளியை அகலப்படுத்தி, இன்னும் ஆறாத என்ஜினில் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். ஸ்டார்ட் செய்தார்கள். நின்ற இடத்தில் கார் மடியில் படுத்த பூனை போல மெல்ல உறுமியது. பார்க்க வந்தவர்களுக்கு அவரே கை கொடுத்தார்.

மறுநாள் செமினியில் கல்யாணம். தாமரை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினாள். காஜாங் தாண்டி ஓர் ஏற்றத்தில் லோரியை முந்துவதற்காக எண்ணெய்ப் பெடலை அழுத்தியதும் கார் விக்கல் எடுத்தது. என்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அவள் பயந்துபோய் காலை எடுத்தாள். மெதுவாகப் போனால் ஓடியது, அழுத்தினால் குலுங்கியது. அதனால் இடது ஓரமாக அந்த லோரியின் பின்னாலேயே, அதன் புகையைக் குடித்துக்கொண்டே போனாள்.

முக்கால் மணி நேரம் தாமதம். மணப்பெண் இந்துஜா அதற்குள் பொறுமை இழந்து தானே புருவம் எழுதத் தொடங்கி, ஒன்று நெற்றிக்கும் மற்றது காதுக்கும் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் தாயார் திட்டவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்று தாமரைக்குத் தோன்றியது. முகூர்த்தத்துக்குள் எப்படியோ முடித்தாள். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தீட்டிய மையைத் துடைத்துவிட்டு மறுபடி தீட்டினாள்.

அங்கிருந்து நேராகக் கிரிதரனின் வொர்க்‌ஷாப்புக்கு ஊர்ந்து போனாள். அவர் பிளக்குகளைக் கழற்றி அளந்துவிட்டு, யார் மாற்றியது என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

“டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளும்க்கா. இடைவெளி பெருசா இருந்தா பொறி தாங்காது, ஊதி அணைச்ச மாதிரி ஆயிடும். சூட்டுல வேற முறுக்கியிருக்காரு. பிளக் மாட்டுற ஓட்டையில மரை போகாம இருந்தது உங்க நல்ல நேரம்.”

புத்தகத்தில் சொன்ன பிளக்கைச் சொன்ன அளவில் போட்டார். திரும்பும் வழியில் ஏற்றத்தில் கார் குலுங்காமல் ஏறியது.

வீட்டுக்கு வந்த தாமரை, கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் வேலாயுதத்தின் வாசலுக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைக்காரன் மேல் தனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்றார்.

“இனிமே என் கார்ல கை வைக்காதீங்க அங்கிள்” என்றாள் தாமரை. குரலை உயர்த்தவில்லை.

அவர் முகம் சுருங்கியது. இரண்டு நாள் அவர் வீட்டுத் திரைச்சீலை விலகவில்லை. பாவம், திருந்திவிட்டார் என்று நானே நினைத்தேன். செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுத் தனேஷ் போனட்டைத் திறந்தான். திரைச்சீலை விலகியது.

“டர்போவா? அப்ப பிளக் இடைவெளி சின்னதா வைக்கணும் தம்பி. தாமரை கார்ல நான்தான் கண்டுபிடிச்சேன்.”

சிரிக்கிறீர்களா? இருங்கள். அது எந்தக் கார், இரிடியம் பிளக்கா, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று நான் சொல்லவே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். நடுவில் எங்கேயாவது “அப்படி இல்லை, நான் சொல்கிறேன் கேள்” என்று உங்கள் நாக்கு துறுதுறுத்திருந்தால், அந்தத் திருத்தத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் வருவதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் அவசரமாகப் போனட்டை மூடுகிறார் என்று மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.