மறுவீட்டு வேட்டியும் சர்வர் ரூம் எலியும்

புது மாப்பிள்ளைக்கு மறுவீட்டில் சாப்பிடுவதைத் தவிர வேறெந்த வேலையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இன்றைக்கும் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சிக்கு நாலு கால், ஒரு வால்.

எனக்கு ஊர் எலப்புள்ளி. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பராமரிக்கிற வேலை. கல்யாணமான கையோடு மனைவி ஜெபாவின் வீட்டுக்கு மறுவீடு போயிருந்தோம். மாமனார் அருள்ராஜ் அந்த ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க். ஆப்பமும் ஆட்டுக்கறியும் உள்ளே போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு போன் வந்தது. ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரும் வேலை செய்யவில்லை. பில் போட முடியாததால் ஏலத்துக்குப் போக வேண்டிய தேயிலை லாரி கேட்டிலேயே நிற்கிறது. மதிய மழைக்கு முன்னால் அது மலையிறங்காவிட்டால் இந்த வார ஏலம் தப்பிவிடும்.

"கோட்டயத்துல இருந்து ஆள் எதுக்கு சார்? எங்க மாப்ள வந்திருக்காக. அவுக தொட்டாலே ஓடிரும்" என்றார் மாமனார் போனில்.

(நான் தொட்டு எதுவும் ஓடியதில்லை. ஓடிக்கொண்டிருந்த சில நின்றிருக்கின்றன.)

"பேன்ட்ட போட்டுட்டுப் போங்க" என்றாள் ஜெபா. கேட்டேனா? எஸ்டேட் முழுக்க என்னைப் பட்டு வேட்டியில் பார்க்க வேண்டாமா? எனக்கு வேட்டி கட்டத் தெரியாது. நான் உடுத்தியிருந்தது இடுப்பில் வெல்க்ரோ பட்டையால் ஒட்டிக்கொள்கிற ரகம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஆபீஸில் நாற்காலி மேல் துண்டு விரித்து என்னை உட்கார வைத்தார்கள். மலையாளியான மேனேஜர் துரை வாசலிலேயே நின்றார். என் எதிரே மேசைக்கடியில் இரண்டு பெட்டிகள். ஒன்று சர்வர், நிஜத்தில் இல்லாத நாலைந்து கம்ப்யூட்டர்களைத் தனக்குள்ளேயே ஓட விடுவது அதன் வேலை. இன்னொன்று ஸ்டோரேஜ், அந்தக் கம்ப்யூட்டர்களின் டேட்டா முழுவதும் அதில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தனியாக ஒரு கேபிள். சர்வர் திரையில் "ஸ்டோரேஜைக் காணோம்" என்று வந்துகொண்டிருந்தது.

இப்படி வந்தால் எங்கள் தொழிலில் முதல் வேலை, தரையில் மண்டி போட்டு கேபிளைப் பார்ப்பது. நான் குனிந்ததும் மாமனார் பதறிவிட்டார்.

"ஐயய்யோ, மறுவீட்டுக்கு வந்த மாப்ள கீழ குனியலாமா? நீங்க உக்காருங்க, நான் பாக்குதேன்."

சொன்ன வேகத்தில் மேசைக்கடியில் நுழைந்துவிட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "எல்லாம் சொருகித்தான் இருக்கு மாப்ள. லைட்டும் பச்சையா மின்னுது."

"செரிங்க மாமா" என்று கால் மேல் கால் போட்டேன். அங்கே பிடித்தது சனி.

ஸ்டோரேஜைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. இரண்டையும் அணைத்துப் போட்டேன். சர்வரின் நெட்வொர்க் முகவரியை மாற்றினேன், மாற்றியதை மறுபடி மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் "ம்ம்" என்றேன். ஆபீஸே தலையாட்டியது. டீ வந்தது, வடை வந்தது, ஸ்டோரேஜ் மட்டும் வரவில்லை. கேட்டில் லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தேன். "ஸ்டோரேஜ் செத்துப் போச்சுங்க சார்."

துரை என்னைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்த்தார். "அருள்ராஜே, கோட்டயத்துல இருந்து ஆள விளிக்கட்டேன்னு நான் அப்பவே கேட்டதல்லே?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு நேரம் என்னைப் பற்றி அளந்துகொண்டிருந்த மனிதர். பதற்றத்தில் புது மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தேன். அது கழன்று, உருண்டு, மேசைக்கடியில் போய்விட்டது.

சர்வர் போனால் கோட்டயத்திலிருந்து ஆள் வரும். கல்யாண மோதிரம் போனால் ஜெபா வருவாள். யாரும் தடுப்பதற்குள் பட்டு வேட்டியோடு தவழ்ந்தேன்.

மோதிரத்துக்கு முன்னால் கண்ணில் பட்டது ஸ்டோரேஜின் பின்புறம். அதில் இரண்டு துளைகள். ஒன்றில் சர்வர் கேபிள் இருக்க வேண்டும், மற்றதில் ஆபீஸ் கேபிள். இரண்டும் இடம் மாறி இருந்தன. பச்சை விளக்குக்கு என்ன, எந்தக் கேபிளைச் செருகினாலும் மின்னும்.

மோதிரம் தேட மாமனாரும் உள்ளே வந்திருந்தார். நான் விரலை நீட்டிக் காட்டியதும் அவர் முகம் வெளுத்தது.

"நேத்து இடி இடிச்சிச்சுல்லா மாப்ள," என்றார் கிசுகிசுப்பாக. "எப்பவும் நான்தான் எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு, இடி நின்ன பொறவு மாட்டுவேன். இந்தக் கல்யாண அலைச்சல்ல எத எங்க மாட்டுனேன்னே தெரியல."

ஐப்பசி இடிக்கு அந்த மலையில் டிவி, ஃப்ரிட்ஜ் என்று எல்லா வீட்டிலும் பிளக்கை உருவிவிடுவார்கள். மனிதர் ஆபீஸையும் தன் வீடு மாதிரியே பார்த்திருக்கிறார். அவரை எப்படிக் கோபிப்பது?

கேபிள்களை மாற்றிச் செருகினேன். அவர் மோதிரத்தை எடுத்து என் விரலில் போட்டுவிட்டார். வெற்றியோடு வெளியே வந்து எழுந்தேன். 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். மேசைக் காலில் மாட்டிக்கொண்ட வேட்டி அங்கேயே தங்கிவிட்டது. துரை, ஆபீஸ் மொத்தம், பில் கேட்டு வந்திருந்த லாரி டிரைவர் எல்லோர் முன்னாலும், பட்டுச் சட்டையும் கட்டம் போட்ட அரை டிராயருமாக நின்றேன்.

நாற்காலித் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நான் கெடுத்து வைத்ததையெல்லாம் பழையபடி ஆக்கினேன். சர்வர் ஸ்டோரேஜைக் கண்டுபிடித்தது. பிரிண்டர் பில்லைத் துப்பியது. லாரி மழைக்கு முன்னால் மலையிறங்கியது.

"அப்போ, பிரச்சனை எந்தாயிருந்து?" என்று கேட்டார் துரை.

மாமனார் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "எலிங்க சார். கேபிளப் புடிச்சு இழுத்துருச்சுங்க."

"எலியோ?" துரை என் துண்டைப் பார்த்தார். மாமனாரின் முழங்கால் தூசியைப் பார்த்தார்.

அடுத்த வாரமே அவர் உத்தரவில் ஆபீஸுக்கு ஒரு பூனை வந்தது. ஆபீஸ்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'மாப்ள'. தினமும் பால் உண்டு, வேலை கிடையாது. குடும்பத்தில் நாலு பேர் கூடினால் ஜெபா வாயாலேயே அந்த 'டர்ர்ர்' சத்தத்தை எழுப்பிக் காட்டுவாள். என் மகளும் இப்போது கற்றுக்கொண்டுவிட்டாள்.

கேபிள்களுக்கும் துளைகளுக்கும் சிவப்பு, நீல டேப் ஒட்டிவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். ஆனாலும் ஐப்பசியில் அந்த மலையில் இடி இடித்து ஓய்ந்ததும், இங்கே எலப்புள்ளியில் என் போன் அடிக்கும். மாமனார் நலம்கூட விசாரிக்க மாட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்:

"மாப்ள, எலி வந்துட்டுப் போயிருச்சு."

"செகப்புக்கு செகப்புங்க மாமா" என்பேன். அவர் அங்கே மேசைக்கடியில் குனிந்திருப்பார் என்று தெரியும். அதனால் நானும் இங்கே தரையில் உட்கார்ந்துதான் பேசுவேன்.